மணல் நிறத்துச் சட்டை

போன வருஷம் மே மாத விடுமுறைக்கு முசிறிக்குப் போனபோது, அம்மாவின் தையல் மெஷின் மேல் ஒரு ராணுவச் சட்டை கிடந்தது. பழைய பச்சை இல்லை. இப்போது வந்திருக்கும் புதிய துணி. பச்சையும் மண்ணும் காய்ந்த சருகும் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து கலந்த மாதிரி. அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி துணி இது, கரையான் அரிச்ச கதவாட்டம்!" என்றாள்.

சட்டை என்னிடம் படித்த பெண்ணுடையது. பி.ஏ. வரலாறு இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டு ராணுவக் காவல் பிரிவில் சேர்ந்தவள். பயிற்சி முடித்து லீவில் வந்திருந்தாள். இளைத்துப்போனதால் தோள் தொங்கியது, அக்குளில் துணி மடிந்தது. பிடித்துத் தைத்துத் தரச் சொல்லி அவள் அம்மா கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். வகுப்பில் அந்தப் பெண்ணோடு நான் வாதாடியிருக்கிறேன். ராணுவத்தில் இடம் கிடைப்பது விடுதலை ஆகாது என்று நான் ஒரு மணி நேரம் பேசி முடித்தபோது அவள் எழுந்து, "மேடம், எங்க வீட்டுல மாசாமாசம் சம்பளம் வாங்கப்போற முதல் ஆளு நான்தான்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் முழுதாக வந்துவிடவில்லை.

அவளுக்கு ராஜஸ்தான் பக்கம் போஸ்டிங். "அங்க எல்லாம் மணலுதான் மேடம். நம்ம ஆறு மாதிரியே. தண்ணி மட்டும் வராது" என்று போனில் சொன்னாள்.

அன்று சாயங்காலம் நான் ஒரு காரியம் செய்தேன். அம்மா தையல் பிரித்து வைத்திருந்த சட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. இக்கரையிலிருந்து குளித்தலைக் கரை வரை வெள்ளை மணல். சட்டையை மணலில் விரித்துவிட்டு ஐம்பது அடி நடந்து திரும்பிப் பார்த்தேன். பளிச்சென்று கிடந்தது, யாரோ விட்டுப்போன போர்வை மாதிரி. எடுத்துவந்து வாய்க்கால் ஓரத்துக் கோரை வயலில் போட்டேன். பத்தடி தள்ளி நின்றாலே தேட வேண்டியிருந்தது. இந்தத் துணிக்கு இடம் தெரிகிறது. ஆனால் எல்லா இடமும் தெரியவில்லை. இதை யார் தீர்மானித்தார்கள், யார் சாயம் போட்டார்கள், யார் தைத்தார்கள், யார் துவைத்தார்கள் என்ற கேள்விகளோடு அன்றிரவு படிக்க உட்கார்ந்தவள்தான்.

கதை நம் துணைக்கண்டத்திலேயே தொடங்குகிறது. சிவப்புக் கோட்டோடு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு, வெயிலும் புழுதியும் உள்ள ஊரில் சிவப்பு எவ்வளவு பெரிய குறி என்று புரிய நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரி 'கைட்ஸ்' படையைத் திரட்டினார். லாகூர் கடைத்தெருவில் வாங்கிய வெள்ளைத் துணியை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நனைத்து, சேற்றைத் தேய்த்துக் காயவைத்துத் தைத்ததாகச் சொல்வார்கள். மல்பெரிச் சாறு, பனை வகை ஒன்றின் சாயம் என்று வேறு விதமாகவும் சொல்வதுண்டு. 'காக்' என்றால் பாரசீகத்தில் புழுதி. காக்கி என்றால் புழுதி நிறம். பிற்பாடு வந்த பாலைவன உருமறைப்புத் துணி அத்தனைக்கும் இந்தப் புழுதிச் சட்டைதான் பாட்டி.

1857இல் கிளர்ச்சியை அடக்கப் புறப்பட்ட வெள்ளைப் பட்டாளங்கள் தங்கள் வெள்ளை உடையை அவசர அவசரமாகத் தேயிலை, மை, சேறு என்று கையில் கிடைத்ததில் முக்கின. ஒவ்வொரு பட்டாளமும் ஒவ்வொரு நிறம். இரண்டு முறை துவைத்தால் அதுவும் போய்விடும். சாயம் நிற்காததுதான் பெரிய தொல்லை. மங்களூர் பால்மட்டாவில் பாசல் மிஷன் நெசவாலையில் 1850களின் தொடக்கத்தில் ஹாலர் என்ற ஜெர்மானிய நெசவாளர் காக்கிச் சாயத்தைக் கண்டுபிடித்தார் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். நூற்பாலை ஊரான மான்செஸ்டர் பக்கத்தில் 1884இல் இரும்பும் குரோமியமும் கலந்த, வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாத காக்கிச் சாயத்துக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அடுத்த வருடக் கடைசியில், 1885 டிசம்பர் 30 அன்று சூடான் எல்லையில் கின்னிஸ் என்ற இடத்தில் நடந்த சண்டைதான் பிரிட்டிஷார் சிவப்புக் கோட்டோடு போரிட்ட கடைசிச் சண்டை. பாலைவனம் சிவப்பை ஜெயித்துவிட்டது.

இந்த வரலாற்றில் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் ஆண்கள். லம்ஸ்டன், ஹாலர், மான்செஸ்டர் முதலாளிகள். தாத்தையங்கார்பேட்டையில் வளர்ந்த என் அம்மாச்சியிடம் நெசவைப் பற்றிக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். "தறியில உக்காந்தவனைத்தான் நெசவாளின்னு சொல்லுவாங்க. பாவு போட்டது யாரு, தார் சுத்துனது யாரு?" கூலிக் கணக்கில் தறிக்குத்தான் வரி இருந்தது. தார் சுற்றுவது 'வீட்டு வேலை'. சாயப் பானைக்கு விறகு தள்ளிய கை, நூல் அலசிய கை எந்தக் காப்புரிமையிலும் ஏறுவதில்லை.

உருமறைப்பு என்பது ஒரு தனிக் கலையாக, அலுவலகமும் ஆளும் உள்ள துறையாக ஆனது முதல் உலகப்போரில். அதில் பெண்கள் இருந்தார்கள், அதுவும் ஆயிரக்கணக்கில். பிரெஞ்சு ராணுவம் அமியான் போன்ற ஊர்களில் பட்டறைகள் வைத்தது. அங்கே வலையில் துணிக் கீற்றுகளைக் கட்டியதும் திரைகளுக்குச் சாயம் பூசியதும் பெருமளவு பெண்கள். 1918இல் நியூயார்க்கில் பெண்கள் உருமறைப்புப் படை என்றே ஒன்று அமைத்தார்கள். ஓவியம் படித்த பெண்கள் பாறை நிறத்திலும் மர நிறத்திலும் உடை தைத்து, தாங்களே போட்டுக்கொண்டு பூங்காவில் படுத்து, கண்ணில் படுகிறார்களா என்று சோதித்தார்கள். அந்த ஜூலையில் நகர நடுவில் ஆள் சேர்ப்புக்காக மரத்தால் கட்டி நிறுத்தியிருந்த ஒரு மாதிரிப் போர்க்கப்பலுக்கு ஏணி போட்டு ஏறிக் கட்டம் கட்டமாக வண்ணம் அடித்தார்கள். போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனில் ஊர்க்காவல் படைக்கு உருமறைப்பு சொல்லிக்கொடுத்தவர் ரோலண்ட் பென்ரோஸ் என்ற ஓவியர். அவர் பாடத்தில் ஒரு படம் காட்டுவார்: தன் காதலியும் மிகச் சிறந்த புகைப்படக் கலைஞருமான லீ மில்லர் புல்தரையில் நிர்வாணமாக, உடம்பெல்லாம் பச்சை மறைப்புக் களிம்பு பூசி, மேலே வலை போர்த்திக் கிடக்கும் படம். இந்த அழகையே மறைக்க முடிந்தால் எதையும் மறைக்கலாம் என்பது நகைச்சுவை. வகுப்பில் தூங்கும் ஆண்களை எழுப்புவதற்காம். அதே லீ மில்லர்தான் சில வருடம் கழித்து டாகாவ் வதை முகாம் திறக்கப்பட்டபோது கேமராவோடு உள்ளே போனவர். உருமறைப்பு வரலாற்றுப் புத்தகங்கள் பலவற்றில் அவருக்குக் கிடைக்கும் இடம் அந்தப் புல்தரைதான்.

பாலைவனத்துக்குத் திரும்புவோம். 1942 அக்டோபர் 23 இரவு எகிப்தில் எல் அலமைன் போர் தொடங்கியது. அதற்கு முன்பு மாதக்கணக்கில் ஒரு பெரிய ஏமாற்று வேலை நடந்தது. சினிமா எடுத்துக்கொண்டிருந்த ஜெஃப்ரி பார்க்கஸ் என்பவர் தலைமையில் ஓவியர்களும் மேடை அமைப்பாளர்களும் சேர்ந்து டாங்கிகளை லாரி போலவும் லாரிகளை டாங்கி போலவும் காட்டினார்கள். டாங்கி மேல் கவிழ்க்க, லாரி உருவத்தில் 700க்கு மேல் துணிக் கூடுகள். வடக்கே உண்மையான படை மறைந்திருக்க, தெற்கே பழைய பெட்ரோல் டின்களை அடித்துச் செய்த பொய்க் குழாய் நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது. குழாய் முடிவதற்குள் தாக்குதல் வராது என்று ஜெர்மானியர்கள் கணக்குப் போட வேண்டும் என்பதற்காக. பொய்ப் பீரங்கிகளுக்கும் பொய் டாங்கிகளுக்கும் சட்டமாக உதவியது உள்ளூர்ச் சரக்கு: கட்டில் செய்வதற்காகப் பேரீச்சை மட்டையைக் கீறிப் பின்னிய தட்டி. இதைப் படித்தபோது எங்கள் ஊர்க் கோரைப் பாய்தான் ஞாபகம் வந்தது. படுக்கப் பின்னியது, போருக்குப் போயிற்று. அந்தப் பாலைவனத்தில் நான்காம் இந்திய டிவிஷனோடு மெட்ராஸ் சாப்பர்ஸின் 12ஆவது கம்பெனியும் இருந்தது. கண்ணிவெடி தோண்டியெடுத்த கைகளில் தமிழ்க் கைகளும் உண்டு. அவர்கள் போட்டிருந்தது வெறும் காக்கி டிரில், அரைக்கால் சட்டை. வடிவம் எதுவும் இல்லை, மணல் நிறம் மட்டும்.

அதே 1942இல்தான் இந்தியாவில் பெண்கள் துணைப்படை தொடங்கப்பட்டது. தட்டச்சு, தொலைபேசி, கணக்கு வேலைகளுக்கு. இந்தியப் பெண்களுக்குச் சலுகையாகக் காக்கிச் சேலை அனுமதித்தார்கள். சேலை என்றால் பெண்மை போகாது, காக்கி என்றால் ஒழுங்கு போகாது என்ற கணக்கு. அடுத்த வருடம் ஜூலை 12 அன்று சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸுக்கு இருபது பெண்கள் துப்பாக்கியேந்தி மரியாதை அணிவகுப்புச் செய்தார்கள். தலைமை, சென்னையில் டாக்டருக்குப் படித்த லட்சுமி. அன்று அவர்கள் சேலையில்தான் நின்றார்கள். அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் முகாம் தொடங்கியபோது காக்கிச் சட்டையும் கால்சட்டையும் தொப்பியும் வந்துவிட்டன. அந்தப் படையில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். தோட்டத்தில் துரை முன்னால் குனிந்து நின்றவர்கள் முதல் தடவையாகக் கால்சட்டை போட்டு நிமிர்ந்து நின்றார்கள். அதில் ஒரு சந்தோஷம் இருந்திருக்கும். அதை மறுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எனக்குச் சீருடைத் துணி என்றாலே முதலில் கண்ணில் வருவது ஈழம். புலி வரி போட்ட சட்டை, இரண்டு பின்னல் மடித்துக் கட்டிய பெண்கள். 2009 மே மாதம் அந்தத் துணியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பொதுமக்களோடு முகாம்களுக்கு நடந்தவர்களில் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குத் தலைமை தாங்கிய தமிழினியும் ஒருவர். காட்டில் மறைத்த துணி முள்வேலிக்குள் காட்டிக்கொடுக்கும். 2016இல் வெளியான அவருடைய தன்வரலாறு 'ஒரு கூர்வாளின் நிழலில்' எங்கள் வகுப்பறையில் அதிகம் சண்டை மூட்டிய புத்தகம்.

பாலைவனத்துக்கென்றே அச்சிட்ட வடிவங்கள் பரவலாக வந்தது பிற்பாடுதான். அமெரிக்கர்கள் 1960களில் தங்கள் தென்மேற்குப் பாலைவனத்தைப் பார்த்து ஆறு நிறத்தில் ஒன்றை உருவாக்கினார்கள். வெளிர் மண் நிறத்தில் அலை அலையாகப் பழுப்பு, நடுநடுவே கூழாங்கல் போலக் கறுப்பும் வெள்ளையும் புள்ளி. சிப்பாய்கள் அதை 'சாக்லேட் சிப்' என்றார்கள், பிஸ்கட் மாதிரி இருந்ததால். 1991 வளைகுடாப் போரில் தொலைக்காட்சி வழியாக உலகம் முழுக்கப் பார்த்த சட்டை அது. ஆனால் குவைத்திலும் ஈராக்கிலும் பெருமளவு சமமான மணல். கூழாங்கல் இல்லாத இடத்தில் கூழாங்கல் புள்ளி எதற்கு? மூன்று நிறத்தில் எளிமையான வேறொன்று வந்தது. பிரிட்டிஷார் கதை இன்னும் வேடிக்கை. அவர்களுடைய நான்கு நிறப் பாலைவனத் துணியை ஏற்கெனவே ஈராக்குக்கு விற்றிருந்தார்கள். போர் வந்தபோது எதிரியும் தாமும் ஒரே சட்டையில் நிற்க முடியாதல்லவா? இரண்டு நிறத்தில் புதிதாக அச்சிட்டார்கள்.

அந்தப் போருக்குப் போன அமெரிக்கப் பெண்கள் சுமார் 40,000 பேர். அடுத்த பத்து வருடம் சவூதியில் இருந்த அமெரிக்கத் தளங்களில் முகாமுக்குள் அவர்களுக்குச் சீருடை. வெளியே போனால் கறுப்பு அபாயா அணிந்து, காரின் பின்சீட்டில் உட்கார வேண்டும் என்று சொன்னது அவர்களுடைய ராணுவமே. மார்த்தா மெக்சாலி என்ற போர் விமானி 2001இல் தன் மேலதிகாரிகள் மேல் வழக்குப் போட்டார். அதன் பிறகுதான் நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தைத் தடை செய்தது. ஒரே உடம்பு, வேலிக்கு இந்தப்புறம் ஒரு மறைப்பு, அந்தப்புறம் ஒரு மறைப்பு.

இனிச் சதுரங்களுக்கு வருவோம். தூரத்துக்கு ஒரு வடிவம், பக்கத்துக்கு ஒரு வடிவம் என்று இரண்டையும் ஒரே துணியில் வைக்க வேண்டும் என்பதுதான் சூத்திரம். டிமோதி ஓநீல் என்ற அமெரிக்க அதிகாரி 1976இல் இதைச் சதுரம் சதுரமாக வரைந்து சோதித்தார். நம் சுங்குடிச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்தால் புள்ளி. தெருமுனையிலிருந்து பார்த்தால் புள்ளி கரைந்து ஒரே நிறம். சின்னச் சதுரம் மட்டும் இருந்தால் அதே கதிதான். பெரிய திட்டுகளும் இருந்தால்தான் தூரத்திலும் உருவம் உடையும். கனடாவும் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையும் இதைச் சரியாகச் செய்தன. 2004இல் அமெரிக்கத் தரைப்படை, காடு, பாலை, நகரம் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம் என்று சாம்பல் பச்சையில் ஒன்றை அறிவித்தது. எங்குமே ஒட்டவில்லை. தூரத்தில் வெளிறிய ஒரே திட்டாகத் தெரிந்தது. நேட்டிக் ஆய்வகத்தில் துணி நுட்பராக இருந்த செரில் ஸ்டூவர்ட்சன் என்ற பெண்மணி பிற்பாடு பத்திரிகைக்கு வெளிப்படையாகச் சொன்னார்: சிப்பாய்களின் கைக்குப் போகும் முன்பே விஷயம் அரசியல் கைகளுக்குப் போய்விட்டது என்று. செலவு 500 கோடி டாலர் என்று எழுதினார்கள். ஆப்கன் ராணுவத்துக்கு நடந்தது இதைவிட மோசம். 2007இல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சருக்கு இணையத்தில் பார்த்த ஒரு காட்டு வடிவம் பிடித்துப்போயிற்று. அந்த நாட்டு நிலத்தில் காடு 2.1 சதவீதம். தேவையில்லாமல் சுமார் 2.8 கோடி டாலர் கூடுதலாகச் செலவானது என்று அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் 2017இல் கணக்குக் காட்டியது. கடையில் கலர் பார்த்துச் சேலை எடுப்பதைப் பெண்களின் பலவீனமாகச் சொல்லிச் சிரிப்பவர்களுக்கு இந்த அறிக்கையை அனுப்பலாம்.

நம் ராணுவம் பர்மாக் காட்டுச் சண்டையின் மிச்சமாக வந்த பச்சையைப் பல பத்தாண்டுகள் ராஜஸ்தானிலும் போட்டது. 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று புதிய டிஜிட்டல் வடிவம் அறிமுகமானது. தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. பருத்தி 70, பாலியஸ்டர் 30. பாலை, மலை, காடு, சமவெளி எல்லாவற்றுக்கும் ஒன்று. நான் ஆற்றில் பார்த்தது இந்த 'எல்லாவற்றுக்கும் ஒன்று' என்பதைத்தான்.

தைப்பவர்களைப் பற்றி அந்த அறிமுக விழாச் செய்திகளில் அதிகம் இல்லை. ஆவடியில் ராணுவ உடைத் தொழிற்சாலை 1961இலிருந்து இருக்கிறது. அங்கே தையல் வரிசைகளில் ஏராளமான பெண்கள். 2017இல் சீருடை 'முக்கியமல்லாத' பொருள் பட்டியலுக்குப் போனது. சிப்பாய்களுக்கு உடைக்குப் பதில் வருடத்துக்கு 10,000 ரூபாய் படி என்றார்கள். 2021 அக்டோபர் 1 முதல் தொழிற்சாலைகள் அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடி வாசலில் போராட்டம் நடந்தது. துப்பாக்கி முக்கியம், பொத்தான் முக்கியமல்ல. சமையலறையில் நாம் கேட்டுப் பழகிய தர்க்கம்தான்.

சிந்தியா என்லோ 1983இல் 'காக்கி உனக்குப் பொருந்துமா?' என்று தலைப்பு வைத்து ஒரு புத்தகம் எழுதினார். சண்டையிடும் பெண்களை மட்டுமல்லாமல் சிப்பாயின் மனைவி, தாதி, ஆயுதத் தொழிலாளி, முகாம் அருகே பாலியல் தொழில் செய்பவர் எல்லாரையும் ஒரே வரிசையில் வைத்து, ராணுவம் பெண்களின் வேலையில்லாமல் ஒரு நாள்கூட நடக்காது என்று காட்டியவர். அந்த வரிசையில் முசிறியில் சட்டை பிடித்துத் தைக்கும் என் அம்மாவும் உண்டு. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, உடல் பலவீனம் என்ற அரசின் வாதத்தை நிராகரித்ததற்காக நானும் கை தட்டினேன். அடுத்த வருடம் மே மாதம் ராணுவக் காவல் பிரிவில் முதல் 83 பெண் சிப்பாய்கள் பயிற்சி முடித்தபோது பத்திரிகைப் படத்தைக் கத்தரித்து வைத்தேன். இரண்டையும் செய்துகொண்டே என்லோவையும் பாடம் நடத்துகிறேன்.

மறுநாள் அந்தப் பெண் நேரில் வந்தாள். வெயிலில் கறுத்து, முடி ஒட்ட வெட்டி. அம்மா டேப்பைப் போட்டுத் தோள் அளந்து, கையைத் தூக்கச் சொல்லி, மடக்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்த்தாள். "நின்னா சரியா இருந்து என்ன, ஓடுறப்ப பிடிக்கக் கூடாதுல்ல" என்று அக்குளில் அரை இஞ்ச் விட்டுக் குறித்துக்கொண்டாள். ஆற்று மணலில் பார்த்ததை நான் சொன்னேன். அவள் சிரித்தாள். "தெரியும் மேடம். நான் நிக்கப்போறது கேட்டுல. தெரிஞ்சாகணும்."

சட்டையை வாங்கிக்கொண்டு அவள் அம்மா, துவைத்துக் கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி செய்து அனுப்பலாமா என்று கேட்டார். நான் படித்ததை அம்மாவிடம் ராத்திரியே சொல்லியிருந்தேன். இரவில் பார்க்கும் கருவிகளுக்கு அகச்சிவப்பு ஒளி தெரியும், அதற்கேற்ற சாயத்தில்தான் இப்படிப்பட்ட துணிகளை அச்சிடுவார்கள், கஞ்சியும் வெளுப்பு சேர்த்த சோப்புத் தூளும் பட்டால் இருட்டில் துணி மின்னும் என்று.

அம்மா நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்: "கஞ்சி வேண்டாம். நீலமும் வேண்டாம். சாதாச் சோப்பு போட்டு அலசி, நெழல்ல காயப்போடு. புள்ள ராத்திரியில தெரியக் கூடாது."

கூலி வாங்கவில்லை. அவர் வற்புறுத்தி ஐம்பது ரூபாயை மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்.